வெண்கொக்கு சோப்பு வெயிலம்மாள்

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலைப் பக்கம் போய் வெயிலம்மாள் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். "டிவியில ஏட்டின்னு சத்தம் போடுமே, அந்தம்மா" என்று சொல்லிவிட்டால் போதும், பால்காரர் சைக்கிளை நிறுத்தி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார். எண்பத்தேழாம் வருஷத்துக் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு முன்னால் ஊரில் அவளைத் தனியாக அடையாளம் சொல்லும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

பிறந்தது புதூர்ப் பக்கம். வானம் பார்த்த கரிசல். சேர்ந்தாற்போல மழை ஏமாற்றிய ஒரு காலத்தில் புருஷன் மாடக்கண்ணு ஆடுகளை விற்றுவிட்டு, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தார். அவருக்குப் பருத்தி ஜின்னிங் மில்லில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அவளுக்குச் சௌந்தரபாண்டியன் முதலாளியின் சோப்புக் கம்பெனியில் கட்டிக்குக் காகிதம் சுற்றும் வேலை. கைக்குழந்தையாக வந்த முத்துமாரி வளர்ந்து, எட்டாவது வரை படித்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதம் சுற்ற ஆரம்பித்தாள்.

வெயிலம்மாளின் குரல் வீட்டுக்குள் அடங்குகிற குரல் இல்லை. சின்ன வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனவள். பரந்து கிடக்கும் காட்டில், கண்ணுக்குப் புள்ளியாய்த் தெரியும் கிடாயைக் கூப்பிட்டே திருப்பிக் கொண்டுவந்த தொண்டை. நகரத்துக்கு வந்தும் அது சுருங்கவில்லை. மகளைக் கூப்பிட "ஏட்டி" என்று ஒரு குரல் கொடுத்தால் கம்பெனிக் கொட்டகையில் இருக்கிற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த 'ஏ' கொஞ்சம் கீறலோடு கிளம்பி, 'ட்டி'யில் ஒரு சுண்டு சுண்டி நிற்கும். அதட்டலா, செல்லமா என்று கேட்கிறவருக்குப் பிடிபடாது. மாரிக்கு மட்டும் பிடிபடும்.

கொடைக்கானல் மலையில் கோபுரம் போட்டு, மெட்ராஸ் டிவி தெற்கே தெரிய ஆரம்பித்த வருஷம் அது. அதற்கு முன்னால் வசதியான வீடுகளில் மூங்கிலை உயரமாக நட்டு இலங்கை டிவியைப் பிடித்துப் பார்ப்பார்கள். பாதி நேரம் புள்ளிதான் பறக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நகராட்சிப் பூங்காவில் வைத்திருந்த பெட்டிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். படத்துக்கு நடுநடுவே விளம்பரம் வந்தது. அதில் ஒன்று வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்றின் பச்சை நிறச் சலவைக் கட்டிக்கு. ஒரு நடிகை நீச்சல் குளம் மாதிரி ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே சட்டையை உதறுவாள்.

சௌந்தரபாண்டியனின் வெண்கொக்கு சோப்பு அதுவரை சுவரெழுத்திலும் சினிமாக் கொட்டகை சிலைடிலும் பிழைத்து வந்த சரக்கு. திடீரென்று கடைக்காரர்கள் அதைப் பின்னால் தள்ளிவிட்டுப் பச்சைக் கட்டியை முன்னால் அடுக்கினார்கள்.

"நாங்க என்ன செய்ய அண்ணாச்சி? பொம்பளைங்க டிவியில வாரதக் குடுங்கன்னுல்லா கேக்காவ" என்றார்கள்.

அவருடைய மைத்துனர் சண்முகராஜ் மெட்ராஸில் விளம்பரப் படம் எடுக்கிற கம்பெனியில் இருந்தார். அக்காள் புருஷனுக்காக ஒரு படப்பிடிப்புக் குழுவோடு வந்து இறங்கினார். நடிக்க ஒரு பெண்ணையும் கூட்டிவந்திருந்தார். கம்பெனியின் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டிக்கு வெள்ளையடித்து, அந்தப் பெண்ணை நிற்கவைத்து, காலையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அவளும் பாவம், அழகாகத்தான் சிரித்தாள். "என் குடும்பத்தின் வெண்மை, வெண்கொக்கு" என்று சொல்லச் சொன்னதைச் சொன்னாள். சண்முகராஜுக்குத் திருப்தியில்லை.

"இதுவும் பச்சைக் கட்டி விளம்பரம் மாதிரியே இருக்கு மச்சான். பாக்கவன் அவன் சோப்பைத்தான் ஞாபகம் வச்சிக்கிடுவான். நம்ம துட்டுல அவனுக்கு விளம்பரம்" என்றார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, காகிதம் சுற்றுகிற கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மாரி தூக்குச்சட்டியைத் திறந்தபடியே பக்கத்தில் இருந்த பாலம்மாளிடம் கை வலிக்கிறது என்று முனகியிருக்கிறாள். அப்பாவின் மில்லுச் சட்டையை நேற்று அடித்துத் துவைத்தும் அழுக்குப் போகவில்லையாம். டிவியில் பார்த்த ஆசையில் அம்மாவுக்குத் தெரியாமல் பச்சைக் கட்டி ஒன்று வாங்கியிருந்தாள். வெயிலம்மாள் காலையிலேயே அதைக் கொல்லையில் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வைத்திருந்தவள், இப்போது பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி! கையக் கொறை சொல்லாதட்டி, கட்டிய மாத்து!"

கொட்டகையே சிரித்தது. மாரி வாயில் போட்ட சோற்றோடு சிரித்துப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சண்முகராஜ் கை கழுவாமலே எழுந்து வந்தார். "யாரு அது சொன்னது? இன்னொரு தரம் சொல்லுங்கம்மா" என்றார்.

வெயிலம்மாள் பயந்துபோனாள். வயதில் சின்னவர்தான், ஆனாலும் மெட்ராஸ் மனிதர். "சும்மா பிள்ளய வஞ்சேன் ஐயா" என்றாள்.

"அதையே வையுங்க. அப்படியே வையுங்க."

மறுநாள் காலையில் வெயிலம்மாளையும் மாரியையும் அதே தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். மாரி இரவல் வாங்கிய நீலத் தாவணியில் வந்தாள். விடிவதற்கு முன்பே எழுந்து தலைக்குக் குளித்து, கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். வெயிலம்மாள் எப்போதும் கட்டுகிற கண்டாங்கிச் சேலையில் வந்தாள். சண்முகராஜ் அதைத்தான் கட்டிவரச் சொன்னார். மாரி அழுக்குச் சட்டையைப் பச்சைக் கட்டி போட்டுத் தேய்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வெள்ளைக் கட்டியைத் தொட்டிக் கல்லில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

படம் எடுத்து முடிந்ததும் சண்முகராஜ் சௌந்தரபாண்டியனிடம் சொன்னதை வெயிலம்மாள் பக்கத்தில் நின்று கேட்டாள். "நம்ம ஜனங்க வீட்டுல இருக்கது பூரா கறுப்பு வெள்ளைப் பெட்டி. பச்சை அதுல கறுப்பாத்தான் தெரியும். அவன் கட்டி கறுப்பு, நம்ம கட்டி வெள்ளை. பேரைச் சொல்லித் திட்ட வேண்டிய வேலையே இல்லை. கூட இந்தம்மா குரல். பத்து நொடியில ஜனங்க சரக்கோட குணத்தையா ஞாபகம் வைப்பாங்க? தன் வீட்டுல கேட்ட சத்தம் ஒண்ணு பெட்டிக்குள்ளேருந்து வந்தா, அதை மறக்கவே மாட்டாங்க."

விளம்பரம் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பெண்கள் மொத்தமும் பூங்காவில் கூடிவிட்டார்கள். மாடக்கண்ணு கூட மில்லிலிருந்து நேரே வந்து, தலையில் பஞ்சோடு, ஓரமாகக் குந்தியிருந்தார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் விளம்பரங்கள் வந்தன. பச்சைக் கட்டி நடிகை வந்து பாடிவிட்டுப் போனாள். அதற்கடுத்து இரண்டு கைகள். ஈரச் சட்டையைக் கசக்கும் கைகள் மட்டும். கண்ணாடி வளையல் குலுங்கிற்று. "கை நோகுதும்மா" என்று ஒரு சின்னக் குரல். உடனே பெட்டி முழுவதும் வெயிலம்மாளின் முகம். "ஏட்டி! கையக் கொறை சொல்லாதட்டி, கட்டிய மாத்து!"

பூங்காவில் எழுந்த சத்தத்தில் அதற்குப் பிறகு படத்தில் பேசினது யாருக்கும் கேட்கவில்லை.

மாரியின் முகத்தைப் படத்தில் வைக்கவில்லை. சின்னப் பொழுதுக்குள் இரண்டு முகம் காட்டினால் எதுவும் மனதில் தங்காது என்று சண்முகராஜ் வெட்டியிருந்தார். அது அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு நடக்கும்போது மாரி கொஞ்ச தூரம் பின்தங்கியே வந்தாள். பிறகு தானாகவே சிரித்தாள்.

"எம் மூஞ்சியக் காட்டுனா வித்த சோப்பும் திரும்பி வந்துருமின்னு பயந்துட்டாவ போல."

"ஒங் கை இல்லாட்டி ஒங்கம்மாவுக்கு ஏது பேச்சு?" என்றார் மாடக்கண்ணு. அவர் பேசுகிறதே அபூர்வம். மாரி அப்பாவின் தலையில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுக்கொண்டே நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகோல் உடைந்தால் "கட்டிய மாத்து" என்றன. கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் ஆட்டமிழந்தவனைப் பார்த்து "மட்டையக் கொறை சொல்லாதட்டி" என்று கத்தினார்கள். பஸ் கண்டக்டர், கிழிந்த நோட்டை நீட்டினவரிடம் அதையே சொன்னார். தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கடைக்காரர்கள் ஆள் அனுப்பி வெண்கொக்கு சோப்பு கேட்டார்கள். கம்பெனியில் கொட்டகையை நீட்டிப் போட்டு, புதிதாகப் பெண்களை வேலைக்குச் சேர்த்தார்கள்.

வெயிலம்மாளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இல்லையென்று சொல்வது பொய். கோவில் கொடைத் திருவிழாவில் முன்னால் விட்டு நிற்கவைத்தார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவிடாமல், "ஒரு தரம் சொல்லுங்க மதினி" என்று கேட்டுவிட்டுத்தான் இலை போட்டார்கள். அவளும் சொன்னாள். சொல்லும்போது நாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளக்கூடப் பழகியிருந்தாள். குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு மாரியைக் கேட்டு வந்தவர்கள், "டிவியம்மா வீட்டுச் சம்பந்தம்" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சங்கடம். தெருவில் மாரியை "ஏட்டி" என்று கூப்பிட முடியவில்லை. அவள் 'ஏட்டி' என்றதும், போகிற வருகிற எவனாவது மிச்சத்தைச் சொல்லி முடிப்பான்.

"இனிமே பேரச் சொல்லிக் கூப்பிடும்மா. எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் மாரி.

வெயிலம்மாள் முயன்றாள். "மாரி" என்று கூப்பிட்டால் வேறு யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தணித்து "ஏட்டி" என்பாள். அப்போது இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள்.

பெரிய கம்பெனி சும்மா இருக்கவில்லை. இன்னும் பேர் பெற்ற நடிகையைப் போட்டு விளம்பரத்தை மாற்றியது. கட்டி வாங்கினால் பிளாஸ்டிக் சொம்பு இலவசம் என்றது. சௌந்தரபாண்டியனால் சொம்பு கொடுக்க முடியாது. அவரிடம் இருந்தது வெயிலம்மாள். ஒரு வேனில் ஒலிபெருக்கி கட்டி, அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, சந்தை கூடுகிற ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனார். புதூர், விளாத்திகுளம், குளத்தூர். வேன் நின்றதும் கூட்டம் மொய்க்கும். பெட்டிக்குள் இருந்த பெண் நேரில் இறங்கி நிற்பதைத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லி ஆளுக்கொரு சின்னக் கட்டியைக் கையில் கொடுப்பாள். சொம்பை வாங்கிவைத்துக்கொண்ட பெண்களும் மறுவாரம் கடையில் வெள்ளைக் கட்டிதான் கேட்டார்கள்.

மாரிக்குக் காய்ச்சல் வந்தது ஆவணி மாதத்தில். காய்ச்சல் யாருக்குத்தான் வரவில்லை? கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சோறு பிடிக்கவில்லை என்றாள். கண் மஞ்சளாகத் தெரிந்தபோது பாலம்மாள்தான் முதலில் பார்த்தாள். காமாலைக்கு மருந்து கொடுக்கிறவரிடம் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பசுவந்தனைக்கு வேன் போக வேண்டும். வெயிலம்மாள் தயங்கினாள்.

"நீ போயிட்டு வாம்மா. நான் என்ன, படுத்துத்தான் கெடக்கேன். பாலம்மா அத்தை பாத்துக்கிடுவாவ" என்றாள் மாரி. பாயில் கிடந்தபடியே அம்மாவின் சேலைத் தலைப்பை நீவிவிட்டாள். "அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலையக் கட்டாத. கண்டாங்கியக் கட்டிட்டுப் போ. டிவியில கட்டுனது அதுதான்."

பசுவந்தனையில் கூட்டம் நல்ல கூட்டம். வேனின் படியில் நின்று வெயிலம்மாள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஜின்னிங் மில்லில் மாடக்கண்ணோடு வேலை பார்க்கும் தவசி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே வர அவரால் முடியவில்லை. தூரத்திலிருந்து கையை ஆட்டினார். அவரும் ஏதோ கட்டிக்குத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்து, அவள் அவரைப் பார்த்தும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கை நின்றது.

மாரிக்கு நினைவு தப்பியிருந்தது. திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரல் முழுவதும் கெட்டுப்போய்த்தான் பிள்ளை அவர்கள் கைக்கு வந்தது. வெயிலம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்து, "ஏட்டி, ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கண் திறக்கவில்லை. விடிகிறபோது முடிந்துவிட்டது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். கம்பெனி முழுவதும் வந்திருந்தது. முதலாளி தலைமாட்டுக்குப் பக்கத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தெருவும் பக்கத்துத் தெருவும் வந்திருந்தன. டிவியம்மா மகள் செத்துப்போச்சு என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். நேரமாகியும் வெயிலம்மாள் அழவில்லை. பெண்கள் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதிரு வெயிலு. நெஞ்சு வெடிச்சிரும். வாய்விட்டு அழுதிரு தாயி."

தூக்குகிற நேரம் வந்தது. அப்போது அவள் எழுந்து, அத்தனை வருஷமும் காட்டிலும் கொட்டகையிலும் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஏட்டி!"

கூட்டத்தின் ஓரத்தில் யாரோ ஒரு அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை, பேச்சு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், அந்தக் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "கட்டிய மாத்து" என்றது.

குழந்தைக்கு என்ன தெரியும்? அதன் அம்மா பதறிப்போய் வாயைப் பொத்தினாள். ஆனால் பந்தலுக்கு வெளியே, மறைவில், இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் சிரித்துவிட்டார்கள். சத்தமில்லாத சிரிப்புத்தான். சிரித்த மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்தவர்கள்தான். வெயிலம்மாள் அதைக் கேட்டாள். திறந்த வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. மகளை வாசலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகும்வரை அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

காரியங்கள் முடிந்த பின்பும் அவள் பேசவில்லை. மாடக்கண்ணுவிடம் தலையசைப்பாள். பாலம்மாள் கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் கேட்கும். பாலம்மாள் ஓடிப்போய் ஒவ்வொரு வீடாகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவாள். எல்லாரும் குறைத்தார்கள். ஆனாலும் அந்தக் குரல் குறைந்து கேட்கிற குரல் இல்லையே. தன் குரல் தன் பிள்ளையை வைவதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டு அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் எழுந்து கம்பெனிக்குப் போனாள்.

"மொதலாளி, அத நிறுத்திருங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

சௌந்தரபாண்டியன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பந்தலில் நின்றவர் அவர். அந்த வாரமே நிறுத்திவிட்டார்.

சண்முகராஜ் வேறொரு விளம்பரம் எடுத்து அனுப்பினார். அதே தொட்டி, அதே கண்டாங்கிச் சேலை. நாடகத்தில் நடிக்கிற ஒரு அம்மாள் வந்து, அதே வார்த்தையைச் சொன்னாள். எழுத்துப் பிசகாமல்தான் சொன்னாள். பூங்காவில் ஜனங்கள் சலித்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசினார்கள். அந்த 'ஏட்டி' யாரையும் கூப்பிடவில்லை. கடைகளில் பச்சைக் கட்டி மறுபடியும் முன்வரிசைக்கு வந்தது. பொங்கல் கழிந்ததும் நீட்டிப் போட்ட கொட்டகையைப் பூட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் வேலையை விட்டு நின்றார்கள். பழைய பெண்களுக்கும் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை என்றாயிற்று.

யாரும் வெயிலம்மாளிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பாலம்மாள் மத்தியான வேளையில் வந்து, அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, பேசாமல் போவாள். புதிதாகச் சேர்ந்து நின்றுபோனவர்களில் பாலம்மாளின் மருமகளும் ஒருத்தி, பிள்ளைத்தாய்ச்சி. தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போகிறாள் என்பது வெயிலம்மாளுக்கு வேறு ஆள் மூலமாகத்தான் தெரிந்தது.

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல?"

"வேலையில்லன்னு."

பாலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "சொன்னா நீ போயி அதப் போடச் சொல்லுவ. அப்புறம் ஞாயித்துக்கெழம எப்படி இருப்ப? எனக்கு அந்தச் சோறு எறங்காது தாயி."

வெயிலம்மாள் ராத்திரி முழுவதும் யோசித்தெல்லாம் பார்க்கவில்லை. அப்போதே, பாலம்மாள் வாசலைத் தாண்டுவதற்குள் சேலையை உதறிக்கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"பழசையே போடுங்க மொதலாளி."

"வேண்டாம் வெயிலம்மா. யாவாரம் எப்படியும் போவுது, வருது. நான் பாத்துக்கிடுதேன்."

"யாவாரத்துக்குச் சொல்லலை. கொட்டகை பாதி நாள் பூட்டிக் கெடக்கத என்னால பாக்க முடியலை. எம் பிள்ள உக்காந்த எடம் அது. அங்கன ஆளு இருக்கட்டும்."

சௌந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்னால கேக்க முடியுமா?"

"கேக்கேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடக்கண்ணு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவள் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "பூங்காவுக்குப் போவமா?" என்று கேட்டாள். அவர் உள்ளே போகாமலே திரும்பி நடந்தார்.

அவர்களைப் பார்த்ததும் ஜனங்கள் விலகி இடம் விட்டார்கள். படம் ஓடிற்று. விளம்பரம் வந்தது. இத்தனை நாளும் அவள் அதில் தன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு முதலில் வந்த கைகளைப் பார்த்தாள். வலது கைக் கட்டைவிரலில் ஒரு சின்னத் துணிச்சுற்று. படம் எடுத்ததற்கு முந்தின நாள் காகிதம் வெட்டும்போது பட்ட காயம். மறந்தே போயிருந்தது. சோப்பு நுரை வளையலில் ஏறி நின்றது. "கை நோகுதும்மா" என்றது குரல். பூங்காவில் யாரும் சிரிக்கவில்லை. வெயிலம்மாளின் குரல் வந்து முடியும்வரை அத்தனை பேரும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் அழுதாள். கதவைச் சாத்திக்கொண்டு, மாடக்கண்ணுவின் மடியில் தலையை வைத்து, அன்றைக்குப் பந்தலில் அழாததையெல்லாம் அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மில் பஞ்சு அடைத்த நெஞ்சோடு இருமிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொரு வாரமும் போனார்கள். கொட்டகை திறந்தது. பாலம்மாளின் மருமகள் பிள்ளை பெற்று, பிள்ளையோடு வேலைக்கு வந்தாள். வெயிலம்மாளும் வேலைக்குத் திரும்பினாள். அவள் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லுவாள். வேனில் வரச்சொல்லி முதலாளி கேட்கவுமில்லை.

எண்பத்தொன்பதில் ஊரெல்லாம் துணிக்குத் தூள் போட ஆரம்பித்துவிட்டது. பச்சைக் கட்டிக்காரனே கட்டியை விட்டுவிட்டுத் தூளுக்கு மாறினான். சௌந்தரபாண்டியனும் தூள் போடும் இயந்திரம் வாங்கினார். தூளுக்கு மெட்ராஸில் ஒரு புது விளம்பரம் எடுத்தார்கள். பொம்மைக் கொக்கு ஒன்று பறந்து வந்து சட்டையை மூக்கில் தூக்கிக்கொண்டு போகும். குழந்தைகளுக்கு அது பிடித்தது. நன்றாகத்தான் விற்றது.

அந்த மாற்றத்தை வெயிலம்மாளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கொக்கு வந்து பறந்துவிட்டுப் போயிற்று. படம் முடியும்வரை இருந்தார்கள். கூட்டம் கலைந்தது. காவலாளி பெட்டியைப் பூட்ட வந்தார்.

திங்கட்கிழமை அவள் முதலாளியிடம் அந்தப் பழைய படத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் உடனே மெட்ராஸுக்கு டெலிபோன் போட்டார். சண்முகராஜ் அந்தக் கம்பெனியை விட்டு விலகிச் சில மாதமாகியிருந்தது. புதிதாக இருந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, ஓடி முடிந்த பழைய படச்சுருளையெல்லாம் இடம் இல்லாமல் கழித்துக் கட்டிவிட்டோம் என்றார்கள்.

"வெயிலம்மா" என்றார் அவர். டெலிபோனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சரி மொதலாளி. நீங்க போன் போட்டுக் கேட்டதே போதும்" என்றாள்.

மாரியை யாரும் போட்டோ எடுத்து வைத்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மாடக்கண்ணு சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். வெயிலம்மாள் அவரைப் பார்த்தாள். இனிமேல் வராது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள். பூங்காவில் வழக்கமான இடத்தில் மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.